உருண்டையான நட்சத்திரத்திலிருந்து பட்டாம்பூச்சி எப்படி வருகிறது?

கேள்வி இதுதான்: "நட்சத்திரம் உருண்டை. சாகும் காலத்தில் தன் வெளி அடுக்குகளை விண்வெளியில் வீசிவிடுகிறது என்கிறார்கள். உருண்டையான ஒன்று எல்லாப் பக்கமும் சமமாகத்தானே வீசவேண்டும்? ஹபிள், ஜேம்ஸ் வெப் படங்களில் வரும் நெபுலாக்கள் மட்டும் ஏன் பட்டாம்பூச்சி போலவும் கண் போலவும் உடுக்கை போலவும் இருக்கின்றன?"

நாற்பது ஆண்டுகளாக வானியலாளர்களை வேலை வாங்கிக்கொண்டிருக்கும் கேள்வி இது. சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நெபுலா என்பது ஒரே மூச்சில் வெளியே வந்த வாயு அல்ல. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு வேகத்தில் கிளம்பிய காற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று மோதி உண்டாவது. அந்தக் காற்றுகளுக்குத் திசை கொடுப்பது பெரும்பாலும் அந்த நட்சத்திரம் அல்ல, அதன் பக்கத்தில் சுற்றும் இன்னொன்று. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம், நெபுலா ஒளிர ஆரம்பிப்பதற்கு முன்பே, ஏறக்குறைய இருட்டிலேயே அதன் வடிவம் தீர்மானமாகிவிடுகிறது என்பதுதான். நாம் படத்தில் பார்ப்பது பிறகு விளக்கு ஏற்றிக் காட்டப்பட்ட காட்சி.

இனி விரிவாகப் பார்க்கலாம். நான் பேசப்போவது முக்கியமாகக் கோள் நெபுலாக்களைப் பற்றி. கோள்களுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. 1780களில் வில்லியம் ஹெர்ஷல் தன் தொலைநோக்கியில் இவற்றைச் சிறு வட்டத் தட்டுகளாகப் பார்த்து வைத்த பெயர் நிலைத்துவிட்டது. சூரியனைப் போன்றும், அதைவிட ஏழெட்டு மடங்கு வரை கனமாகவும் உள்ள நட்சத்திரங்கள் கடைசியில் உண்டாக்கும் நெபுலாக்கள் இவை. சூப்பர்நோவா போன்ற வெடிப்பு இங்கே இல்லை. அந்த நினைப்பை முதலில் ஒதுக்கிவைத்துவிடுங்கள். பல குழப்பங்கள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

இப்படிப்பட்ட நட்சத்திரம் தன் மையத்தில் ஹைட்ரஜனையும் அப்புறம் ஹீலியத்தையும் எரித்து முடித்தபின், சூரியனைவிட நூற்றுக்கணக்கான மடங்கு விட்டமுள்ள சிவப்பு அரக்கனாக ஊதிப்போகிறது. அதன் மேற்பரப்பை ஈர்ப்பு சரியாகப் பிடித்துவைத்திருப்பதில்லை. சில நூறு நாட்களுக்கு ஒருமுறை அது விரிந்து சுருங்குகிறது. ஒவ்வொரு விரிவின்போதும் கொஞ்சம் வாயு மேலே தள்ளப்பட்டு, அங்கே குளிர்ந்து, தூசுத் துகள்களாக உறைகிறது. நட்சத்திரத்தில் கார்பன் மிகுந்திருந்தால் கரித்தூசு, ஆக்சிஜன் மிகுந்திருந்தால் மணலுக்கு உறவான சிலிக்கேட் தூசு. நட்சத்திரத்தின் ஒளி இந்தத் தூசைத் தள்ளுகிறது, தூசு தன்னோடு வாயுவையும் இழுத்துக்கொண்டு போகிறது. இதுதான் முதல் காற்று. வேகம் வினாடிக்கு 10 முதல் 20 கிலோமீட்டர். நட்சத்திரங்களின் உலகத்தில் அது மிக மெதுவான நடைதான்.

வேகம் குறைவு, ஆனால் அளவு பெரியது. நம் சூரியனும் காற்று வீசுகிறது, வினாடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில். ஆனால் அதில் போகும் பொருள் சொற்பம். ஒரு கோடி ஆண்டுகள் வீசினாலும் சூரியனின் நிறையில் ஒரு கோடியில் இரண்டு மூன்று பங்குகூடக் குறையாது. சிவப்பு அரக்கனோ உச்சத்தில் ஆண்டுக்குச் சூரிய நிறையில் லட்சத்தில் ஒரு பங்கை, சில சமயம் அதற்கும் மேலே, இழக்கிறது. அதாவது ஆண்டுக்கு மூன்று பூமி எடையுள்ள பொருள். இந்த வேகத்தில் போனால் ஒரு முழுச் சூரியனின் எடை லட்சம் ஆண்டில் காலி. பிரபஞ்சக் கணக்கில் அது கண்சிமிட்டும் நேரம்.

உறை இப்படிக் கரைந்து முடிந்ததும் உள்ளே இருந்த சூடான மையம் வெளியே தெரிய ஆரம்பிக்கிறது. 3,000 டிகிரியில் இருந்த மேற்பரப்பு 30,000 டிகிரிக்கும், பிறகு ஒரு லட்சம் டிகிரிக்கும் மேலே ஏறுகிறது. அதிலிருந்து கொட்டும் புற ஊதாக் கதிர் இரண்டு காரியங்களைச் செய்கிறது. ஒன்று, சுற்றியுள்ள வாயுவை அயனியாக்கி ஒளிரவைக்கிறது. இன்னொன்று, நட்சத்திரத்தின் மேற்பரப்பிலிருந்து புதிய காற்று ஒன்றைத் தள்ளிவிடுகிறது. இந்தக் காற்றில் பொருள் மிகக் குறைவு. ஆனால் வேகம் வினாடிக்கு ஆயிரம் முதல் சில ஆயிரம் கிலோமீட்டர்.

பின்னால் கிளம்பிய வேகக் காற்று, முன்னால் போய்க்கொண்டிருக்கும் மந்தமான காற்றை எட்டிப் பிடித்தே தீரும். வானியலாளர் சன் குவோக் தன் இரு சகாக்களுடன் சேர்ந்து 1978ல் முன்வைத்த விளக்கம் இதுதான். அதற்கு முன்பு, 1956ல் சோவியத் வானியலாளர் யோசிஃப் ஷ்க்லோவ்ஸ்கி, கோள் நெபுலாக்கள் சிவப்பு அரக்கனுக்கும், எரிந்து முடிந்த நட்சத்திரத்தில் மிஞ்சும் சிறிய மையமான வெள்ளைக் குள்ளனுக்கும் நடுவே உள்ள கட்டம் என்று சரியாகச் சொல்லியிருந்தார். ஆனால் உறை எப்படிக் கழன்றது என்பது தெளிவாகாமல் இருந்தது. ஒரே தடவையில் வீசியெறியப்பட்ட ஓடு என்று வைத்துக்கொண்டால், அது போகப்போகத் தடித்து மங்கவேண்டும். படங்களில் தெரியும் கூர்மையான விளிம்பு எங்கிருந்து வரும்? குவோக்கின் விளக்கத்தில் அந்த விளிம்பு தானாகவே கிடைக்கிறது. வேகக் காற்று மோதும் இடத்தில் பழைய காற்று அடர்ந்து ஓடாகிறது. புதிய காற்று தொடர்ந்து தள்ளிக்கொண்டிருப்பதால் அந்த ஓடு மெலிதாகவும் கூர்மையாகவும் இருக்கிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. வேகக் காற்று பழைய காற்றை நேராக முட்டித் தள்ளுவதில்லை. அவ்வளவு உந்தம் அதனிடம் கிடையாது. அது மோதி நிற்கும்போது தன் இயக்க ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறி, லட்சக்கணக்கான டிகிரி சூட்டில் ஒரு குமிழ் உண்டாகிறது. அந்தக் குமிழின் அழுத்தம்தான் அந்த வாயு ஓட்டினை வெளியே தள்ளுகிறது. அப்படிப்பட்ட சூட்டில் வாயு எக்ஸ்-கதிர்களை வீசவேண்டும். 2001ல் வெளியான சந்திரா எக்ஸ்-கதிர் தொலைநோக்கியின் படம், பூனைக்கண் நெபுலாவின் நடுவே அந்தச் சூடான குமிழைக் காட்டியது. இருபது ஆண்டுக்கும் மேலாகத் தாளில் மட்டும் இருந்த கணக்குக்கு நேரடிச் சாட்சி. ஆனால் சூடு எதிர்பார்த்ததைவிடக் குறைவு. காற்றின் வேகத்தை வைத்துப் பார்த்தால் கோடிக்கணக்கான டிகிரி இருக்கவேண்டும், அளந்தது சுமார் 17 லட்சம் டிகிரிதான். வெளியே உள்ள குளிர்ந்த வாயு விளிம்பில் கலந்தோ, வெப்பம் அங்கே கடத்தப்பட்டோ குமிழைத் தணிக்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம்.

சரி, இதுவரை சொன்னது வட்டமான நெபுலாவுக்கு மட்டும் போதும். மந்தமான காற்று எல்லாப் பக்கமும் சமமாகப் போயிருந்தால், குமிழும் சமமாகத்தான் ஊதும். கேள்வியின் நடுப்பகுதி இன்னும் அப்படியே நிற்கிறது.

1987ல் வானியலாளர் புரூஸ் பாலிக் அடுத்த படியை வைத்தார். மந்தமான காற்று சமமாக இல்லாமல், நட்சத்திரத்தின் இடுப்பைச் சுற்றி அடர்த்தியாகவும் துருவங்களின் பக்கம் மெலிதாகவும் இருந்தால் என்ன ஆகும்? சூடான குமிழ், எதிர்ப்பு குறைந்த துருவங்கள் வழியாகப் பீறிடும். இடுப்பில் நெருங்கிக்கொண்டு நிற்கும். அடர்த்தி வித்தியாசம் கொஞ்சமாக இருந்தால் முட்டை வடிவம். அதிகமாக இருந்தால் உடுக்கை. இன்னும் அதிகமானால் பட்டாம்பூச்சியின் இரண்டு இறக்கைகள். ஒரே ஒரு அளவை மாற்றியே பல வடிவங்கள் கிடைத்துவிடுகின்றன. நல்ல கோட்பாடு என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும்.

ஆனால் இடுப்பில் அந்த வளையத்தை யார் கட்டிவிட்டது? நட்சத்திரம் சுழல்வதால் இருக்கலாம் என்று தோன்றும். கணக்கு ஒத்துவராது. சுழலும் பொருள் விரிந்தால் சுழற்சி மந்தமாகிவிடும். சில நூறு மடங்கு ஊதிய சிவப்பு அரக்கன் கிட்டத்தட்டச் சுழலாமலே நிற்கிறது என்று சொல்லலாம். காந்தப்புலம் காற்றை ஒடுக்கியிருக்கலாம் என்று பலர் முயன்றார்கள். காந்தப்புலத்தைத் தொடர்ந்து வலுவாக வைத்திருக்கவும் சுழற்சி வேண்டும். சுழலாத நட்சத்திரத்துக்குச் சுழற்சியை வெளியிலிருந்து யாராவது கொடுத்தால்தான் உண்டு. இந்த வழியில் போனாலும் கடைசியில் துணை நட்சத்திரத்தின் வாசலில்தான் வந்து நிற்கிறோம்.

இதற்கிடையே ஹபிள் தொலைநோக்கி இன்னொரு சிக்கலைக் கொண்டுவந்தது. ராகவேந்திர சஹாயும் ஜான் டிராகரும் இளம் கோள் நெபுலாக்களை ஹபிள் மூலம் வரிசையாகப் படமெடுத்து 1998ல் வெளியிட்டார்கள். வட்டமாக ஒன்றைக் காண்பதே அரிதாக இருந்தது. அதைவிட முக்கியம், பலவற்றில் ஒரு ஜோடி இறக்கை மட்டும் இல்லை. வெவ்வேறு சாய்வில் இரண்டு மூன்று ஜோடிகள். ஒரு பக்கம் ஒரு முடிச்சு இருந்தால், மையத்துக்கு நேர் எதிரே அதே தூரத்தில் இன்னொரு முடிச்சு. இடுப்பில் ஒரு வளையம் மட்டும் இருந்தால் இப்படி வராது. சூடான வேகக் காற்று தொடங்குவதற்கு முன்பே, குறுகலான தாரைகள், அதாவது ஜெட்டுகள், மந்தமான காற்றைத் துளைத்துப் போயிருக்கின்றன; அந்தத் தாரைகளின் திசையும் ஆடியாடி மாறியிருக்கிறது என்று அவர்கள் வாதிட்டார்கள். நான் தொடக்கத்தில் வடிவம் இருட்டில் தீர்மானமாகிறது என்று சொன்னது இதனால்தான்.

அந்த இருட்டுக் கட்டம் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு நீடிக்கக்கூடியது. மையம் இன்னும் போதுமான சூட்டை எட்டவில்லை, வாயு தானாக ஒளிரவில்லை. தூசில் பட்டுச் சிதறும் வெளிச்சமும், குளிர்ந்த கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகள் அனுப்பும் ரேடியோ அலைகளும்தான் நமக்குத் துப்பு. ஸ்பெயின் நாட்டு வானியலாளர் வாலெண்டின் புஹர்ராபாலின் குழு 2001ல் இந்த ரேடியோ அலைகளைக் கொண்டு பல இளம் நெபுலாக்களில் வாயுவின் நிறையையும் வேகத்தையும் கணக்கிட்டது. வந்த முடிவை நீங்களே தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். சூரியனின் நிறையில் பாதி அளவு வாயு வினாடிக்கு 50 கிலோமீட்டரில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நட்சத்திரம் சூரியனைவிடப் பத்தாயிரம் மடங்கு பிரகாசம். அதன் ஒளி ஒவ்வொரு வினாடியும் கொடுக்கும் உந்தத்தைச் சேர்த்துக்கொண்டே போனால், அந்த வாயுவை அந்த வேகத்துக்குக் கொண்டுவர ஒன்றேகால் லட்சம் ஆண்டு பிடிக்கும். ஆனால் அந்த வெளிப்பாய்ச்சல்களின் வயதே சில நூறு ஆண்டுகள்தான். ஒளி கொடுக்கக்கூடிய உந்தத்தைவிட நூறு மடங்கு, சிலவற்றில் ஆயிரம் மடங்குகூட அதிகம் அங்கே இருந்தது.

இந்த வாதம்தான் எனக்கு மிக வலுவானதாகப் படுகிறது. படத்தைப் பார்த்து வடிவத்துக்கு விளக்கம் சொல்வதில் கற்பனைக்கு இடமுண்டு. உந்தக் கணக்கில் இடமில்லை. ஒளியால் முடியாது என்றால் வேறு ஏதோ ஆற்றல் மூலம் இருந்தாகவேண்டும். கையருகே உள்ள ஒரே பெரிய மூலம், சுற்றி வரும் துணையின் சுற்றுப்பாதை ஆற்றலும், அதன்மேல் விழும் பொருளின் ஈர்ப்பாற்றலும்தான்.

துணை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் வேலை மாறும். மிகத் தொலைவில் இருந்தால் அது காற்றை லேசாகக் கலைத்துவிடும், அவ்வளவே. அதன் ஈர்ப்பும், அதனால் சிவப்பு அரக்கன் தானும் சிறு வட்டம் போடுவதும் சேர்ந்து, வெளியே போகும் காற்றில் சுருள் கோலம் பதிகிறது. சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்தில் உள்ள ஆல்மா ரேடியோத் தொலைநோக்கி 2012ல் ஆர் ஸ்கல்ப்டோரிஸ் என்ற நட்சத்திரத்தைச் சுற்றி இப்படி ஒரு சுருளை மிகத் தெளிவாகக் காட்டியது. துணை கண்ணுக்குத் தெரியவில்லை, அதன் கையெழுத்து மட்டும் தெரிந்தது. லீன் டெசின் தலைமையிலான குழு ஆல்மாவில் பதினான்கு சிவப்பு அரக்கன்களை ஒரே மாதிரியான முறையில் ஆராய்ந்து 2020ல் வெளியிட்ட முடிவு இன்னும் பெரியது. அவற்றில் ஒன்றின் காற்றுகூட ஒழுங்கான உருண்டையாக இல்லை. சுருள்கள், தட்டுகள், வில் வடிவங்கள். பின்னால் வரப்போகும் நெபுலாக்களில் உள்ள அதே வடிவங்கள் காற்றிலேயே இருந்தன.

துணை இன்னும் கிட்டத்தில் இருந்தால் அது காற்றைப் பிடித்துத் தன்னைச் சுற்றி ஒரு தட்டாகச் சேர்த்துக்கொள்ளும். தட்டு இருக்கும் இடத்தில் பெரும்பாலும் தாரையும் இருக்கும். தட்டின் இரு பக்கமும், செங்குத்தாக. மோனோசெரஸ் மண்டலத்தில் உள்ள செவ்வகச் சிவப்பு நெபுலா இதற்கு நல்ல உதாரணம். எக்ஸ் எழுத்துப் போல நான்கு கைகள், நடுநடுவே ஏணிப்படி மாதிரி கோடுகள். அதன் நடுவில் இருப்பது ஏறக்குறைய 320 நாட்களுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றும் இரட்டை.

மிக நெருக்கமாக இருந்தால் நடப்பது பயங்கரம். ஊதிப்போன அரக்கன் துணையை விழுங்கிவிடுகிறது. இரண்டு மையங்களும் ஒரே உறைக்குள் சுற்றுகின்றன. 1976ல் போலந்து நாட்டு போடான் பச்சின்ஸ்கி விவரித்த பொது உறைக் கட்டம் இது. உராய்வில் துணை உள்ளே உள்ளே சுழன்று இறங்க, அது இழக்கும் சுற்றுப்பாதை ஆற்றல் உறையைப் பிய்த்து வெளியே எறிகிறது. சுற்றும் தளத்தில்தான் பெரும்பகுதி கொட்டும். அதுதான் பாலிக் தேடிய இடுப்பு வளையம். மீதமாவது சில மணி நேரம் அல்லது சில நாட்களில் சுற்றும் நெருக்கமான இரட்டை.

இது வெறும் கணக்கு அல்ல என்று காட்டியது பிளெமிங் 1 நெபுலா. 1910ல் ஹார்வர்டில் வில்லியமினா பிளெமிங் கண்டுபிடித்தது. அதன் இரு பக்கமும் முடிச்சு முடிச்சாக, எஸ் எழுத்தைப் போல வளைந்த தாரைகள் நீண்டிருக்கின்றன. தாரையைக் கக்கிய தட்டு தலையாட்டிக்கொண்டே இருந்தால் இப்படி வளையும். அப்படியென்றால் நடுவில் இரட்டை இருக்கவேண்டும். ஹென்றி பொஃபான் குழு சிலியில் உள்ள மிகப் பெரிய தொலைநோக்கித் தொகுதி மூலம் மையத்தின் நிறமாலையை, அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டையை, ஆராய்ந்து, 1.2 நாளுக்கு ஒருமுறை சுற்றும் இரட்டையைக் கண்டு 2012ல் அறிவித்தது. தட்டு எப்போதோ போய்விட்டது, தாரை நின்றுவிட்டது. அவை விட்டுப்போன வளைவு மட்டும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழித்தும் இருக்கிறது. வடிவத்தை வைத்துக் காரணத்தை ஊகித்து, அப்புறம் போய்த் தேடி அதையே கண்டுபிடித்த அழகான வேலை இது.

பூமராங் நெபுலாவையும் சொல்லாமல் விட முடியாது. சென்டாரஸ் மண்டலத்தில், சுமார் 5,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. 1995ல் சஹாயும் லார்ஸ்-ஆகே நைமனும் அதன் வாயுவின் வெப்பநிலை, குளிரின் கடைசி எல்லையான தனிச் சுழியத்துக்கு மேலே ஒரே ஒரு டிகிரி என்று அளந்தார்கள். பிரபஞ்சம் முழுக்க நிறைந்திருக்கும் நுண்ணலைப் பின்னணியின் வெப்பநிலையே 2.7 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த இடம் இயற்கையில் வேறெங்கும் தெரியவரவில்லை. காரணம், வாயு வினாடிக்கு 160 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் பாய்ந்து விரிவது. விரியும் வாயு குளிரும், அவ்வளவுதான் இயற்பியல். சாதாரணச் சிவப்பு அரக்கனின் காற்றைவிடப் பத்து மடங்கு வேகம். 2017ல் வந்த ஆல்மா அளவீடுகளின் அடிப்படையில், துணை நட்சத்திரம் ஒன்று உள்ளே பாய்ந்து விழுந்ததால்தான் இவ்வளவு பொருள் இவ்வளவு வேகத்தில் வெளியேறியிருக்க முடியும் என்று அதே குழு விளக்கியது.

இப்போது ஒரே நெபுலாவை எடுத்து எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்போம். 2022 ஜூலை 12 அன்று ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதல் படங்களில் ஒன்றாக வெளியானது தெற்கு வளைய நெபுலா, வானியல் பட்டியலில் என்ஜிசி 3132. நடுவில் இரண்டு நட்சத்திரங்கள் இருப்பது முன்பே தெரியும். ஒன்று பளிச்சென்ற சாதாரண நட்சத்திரம். பக்கத்தில் மங்கலாக, நெபுலாவை உண்டாக்கிய வெள்ளைக் குள்ளன். வெப் தொலைநோக்கியின் அகச்சிவப்புப் படத்தில் அந்த மங்கலான நட்சத்திரம் எதிர்பாராமல் சிவந்து தெரிந்தது. ஒரு லட்சம் டிகிரி சூடான பொருள் அகச்சிவப்பில் அப்படி ஒளிரக் கூடாது. அதைச் சுற்றித் தூசுத் தட்டு இருக்கிறது என்று அர்த்தம். ஒர்சோலா தெ மார்க்கோ தலைமையில் எழுபதுக்கு நெருக்கமான வானியலாளர்கள் சேர்ந்து அந்தப் படங்களைப் பிரித்துப் படித்தார்கள். அவர்கள் முடிவு அதே ஆண்டு டிசம்பரில் வந்தது.

வெளி ஒளிவட்டத்தில் சீரான இடைவெளியில் வில்கள் இருக்கின்றன. அவை நாம் பார்த்த சுருளின் துண்டுகள். அவற்றின் இடைவெளியிலிருந்து, நடுத்தரத் தூரத்தில் சுற்றும் ஒரு துணையின் காலத்தைக் கணக்கிடலாம். பளிச்சென்று தெரியும் நட்சத்திரம் அதைவிட மிகத் தொலைவில் இருக்கிறது, அதனால் அந்த வில்களை உண்டாக்க முடியாது. ஆகவே வேறொன்று. தூசுத் தட்டுக்கு மிக நெருங்கிய இன்னொன்று தேவை. உள் குமிழில் பல திசைகளில் தெரியும் மேடுகள் ஆடிய தாரைகளின் சுவடு. அதற்கும் நெருக்கமான ஜோடி வேண்டும். எல்லாம் கூட்டினால் நான்கு, ஒருவேளை ஐந்து நட்சத்திரங்கள். கையா விண்கலத்தின் துல்லியமான தொலைவு அளவீடும் சேர்ந்ததால் இறந்த நட்சத்திரம் முதலில் சூரியனைப்போல் மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவான எடையில் இருந்தது என்பதும் தெரிந்தது. பெரும்பாலான துணைகளை யாரும் நேரில் பார்க்கவில்லை. வாயுவில் பதிந்த தடத்தை வைத்தே அவற்றின் இருப்பைச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கையையும் இங்கே சேர்க்கவேண்டும். படத்தில் தெரிவது வடிவத்தின் ஒரு பக்கம் மட்டுமே. உடுக்கையைத் தோல் பக்கமிருந்து நேராகப் பார்த்தால் வட்டம்தான் தெரியும். லைரா மண்டலத்தில் உள்ள வளைய நெபுலா, எம்57, அப்படிப்பட்டது. சிறு தொலைநோக்கியில் மங்கலான புகை வளையமாகத் தெரியும் அதை, எளிய உருண்டை ஓடு என்று நினைக்கத் தோன்றும். 2013ல் ராபர்ட் ஓடெல் குழு ஹபிள் படங்களை வைத்து முப்பரிமாண வடிவத்தைக் கட்டியெழுப்பியபோது, ஒரு தடித்த வளையமும், அதன் துளை வழியாக நம்மை நோக்கியும் எதிர்த்திசையிலும் நீளும் மெலிந்த மடல்களும் தெரிந்தன. நாம் துருவத்தின் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். 2023ல் வெப் எடுத்த படத்தில் அதன் வெளியே ஏறக்குறைய பத்து மெல்லிய வில்கள், சுமார் 280 ஆண்டுக்கு ஒன்றாக உண்டானவை. மறுபடியும் ஒரு துணை, ஏறத்தாழ சூரியனிலிருந்து புளூட்டோ இருக்கும் தூரத்தில்.

மூன்றாவது பரிமாணம் எப்படித் தெரிகிறது என்று நீங்கள் கேட்கலாம். நிறமாலைதான் வழி. 1864 ஆகஸ்ட் 29 அன்று வில்லியம் ஹக்கின்ஸ் பூனைக்கண் நெபுலாவின் ஒளியைப் பட்டகத்தின் வழியே பார்த்தபோது, நட்சத்திரங்களில் தெரியும் வானவில் பட்டைக்குப் பதில் தனித்தனிப் பிரகாசக் கோடுகள் தெரிந்தன. இது நட்சத்திரக் கூட்டம் அல்ல, ஒளிரும் வாயு என்று அன்று முடிவானது. பச்சைக் கோடு எந்தத் தனிமத்துடையது என்பது மட்டும் 1927 வரை தெரியவில்லை. ஐரா போவன் அது இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் என்று காட்டினார். இன்று அதே பச்சைக் கோடுதான் நமக்கு வேகமானி. நம்மை நோக்கி வரும் வாயுவில் அது நீலப்பக்கம் நகரும், விலகிப்போகும் வாயுவில் சிவப்புப்பக்கம் நகரும். நெபுலாவின் ஒவ்வொரு புள்ளியிலும் இதை அளந்தால் எது முன்னே, எது பின்னே என்று பிரித்துவிடலாம். சில ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு ஹபிள் படங்களை ஒப்பிட்டு, வானத்தில் அது எவ்வளவு விரிந்தது என்று பார்த்தால் தொலைவும் வயதும்கூடக் கிடைக்கும். பூனைக்கண்ணின் உட்பகுதிக்கு இப்படிக் கிடைத்த வயது ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு.

இந்தத் துறைக்கு இந்தியாவிலிருந்து வந்த ஒரு முக்கியமான பங்களிப்பையும் குறிப்பிட விரும்புகிறேன். 2015ல் ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் உள்ள புற ஊதாத் தொலைநோக்கி, பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தலைமையில் உருவானது. அதைக் கொண்டு கமேஸ்வர ராவ் குழு, பட்டாம்பூச்சி நெபுலா என்று பெயர்பெற்ற என்ஜிசி 6302ஐப் படமெடுத்தது. கண்ணுக்குத் தெரியும் இறக்கைகளைத் தாண்டி வெகுதூரம் பரவிய, குளிர்ந்த மூலக்கூறு ஹைட்ரஜனால் உண்டான மடல்கள் அதில் தெரிந்தன. நாம் இத்தனை காலம் நெபுலா என்று பார்த்தது முழு வெளிப்பாய்ச்சலின் ஒரு பகுதியைத்தான் என்பது இதிலிருந்து புரியும்.

கனமான நட்சத்திரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அங்கேயும் இதே விதிதான். காசியோபியா மண்டலத்தில் உள்ள குமிழ் நெபுலாவில் சூரியனைப்போல் சுமார் 45 மடங்கு எடையுள்ள நட்சத்திரம் தன் காற்றால் ஏழு ஒளியாண்டு அகலக் குமிழை ஊதியிருக்கிறது. ஒரு பக்கம் மேகம் அடர்த்தி, மறுபக்கம் குறைவு. அதனால் நட்சத்திரம் குமிழின் நடுவில் இல்லாமல் ஓரத்தில் நிற்கிறது. ஈட்டா கரினாவோ 1840களில் வானத்தின் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரமாகப் பளிச்சிட்டு, சூரிய நிறையில் குறைந்தது பத்து மடங்கு பொருளை இரு பெரும் மடல்களாக வீசியது. அதுவும் ஐந்தரை ஆண்டுக்கு ஒருமுறை சுற்றும் இரட்டைதான். பிறக்கும் நட்சத்திரங்களும் தம் தட்டுகளிலிருந்து வினாடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் தாரைகளை வீசுகின்றன. 1950 வாக்கில் ஜார்ஜ் ஹெர்பிக், கில்லெர்மோ ஆரோ இருவரும் தனித்தனியே கண்ட சிறு ஒளித்திட்டுகள் அந்தத் தாரைகள் மோதும் இடங்கள். தட்டு, சுழற்சி, தாரை என்ற இந்தச் சேர்க்கை நட்சத்திரத்தின் பிறப்பிலும் இறப்பிலும் ஒரே மாதிரி வருவது தற்செயல் அல்ல.

இன்னும் தீராத கேள்வி ஒன்று இருக்கிறது. எல்லா வடிவத்துக்கும் துணை வேண்டுமா? ஒளி மாறுபாட்டை வைத்துத் தேடிய ஆய்வுகளில் நெருக்கமான இரட்டைகள் ஐந்தில் ஒரு பங்கு நெபுலாக்களில்தான் சிக்கின. வட்டமில்லாத நெபுலாக்களோ ஐந்தில் நான்கு பங்கு. இந்த இடைவெளியைச் சிலர் கோட்பாட்டின் தோல்வியாகப் பார்க்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சில நாட்களில் சுற்றும் ஜோடியைக் கண்டுபிடிப்பது சுலபம், சில ஆண்டுகளில் சுற்றும் ஜோடி எளிதில் சிக்காது. 1790 நவம்பரில் ஹெர்ஷல் பார்த்து, நட்சத்திரத்தைச் சுற்றி ஒளிரும் பொருள் உண்டு என்று தன் கருத்தையே மாற்றிக்கொண்ட நெபுலா என்ஜிசி 1514. அதன் நடுவில் உள்ள இரட்டை ஒன்றையொன்று சுற்ற ஒன்பது ஆண்டு ஆகிறது என்பதை 2017ல்தான் உறுதிசெய்தார்கள். பல ஆண்டுகள் பொறுமையாக நிறமாலை எடுத்துக்கொண்டே இருந்தால்தான் இப்படிப்பட்டவை அகப்படும். தவிர, துணை என்பது நட்சத்திரமாகத்தான் இருக்கவேண்டும் என்றும் இல்லை, பெரிய கோள் ஒன்றும் காற்றைக் கொஞ்சம் கலைக்கும்.

இதிலிருந்து நம் சூரியனுக்கு என்ன வரும் என்று கேட்டால், சுமார் 500 கோடி ஆண்டு கழித்து அதுவும் இதே பாதையில் போகும், பாதி எடையை இழந்து வெள்ளைக் குள்ளனாகும். நெருங்கிய துணை நட்சத்திரம் இல்லாததால் பட்டாம்பூச்சி கிடையாது. ஆனால் வியாழனும் சனியும் அப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். டெசின் குழுவின் கணக்குப்படி, முதிய சூரியனின் காற்றில் அவை பலவீனமான ஒரு சுருளைப் பதிக்கும். அதைச் சுற்றி ஒளிரும் நெபுலா உண்டாகுமா என்பதில் நீண்ட காலம் சந்தேகம் இருந்தது. 2018ல் கெசிட்ஸ்கி, சைல்ஸ்ட்ரா, மில்லர் பெர்த்தோலாமி மூவரும் புதிய கணக்குகளைக் கொண்டு, மங்கலாக இருந்தாலும் உண்டாகும் என்று காட்டியிருக்கிறார்கள்.